கருவில் பித்தநாளம் உருவாதலும் உயிரணு ஒட்டு மூலக்கூறுகளும்: ஒரு வரலாறு

தாயின் வயிற்றில் வளரும் குழந்தையின் கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் உருவாவதற்கு, உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் புரதங்கள் தேவை. இவை உயிரணு ஒட்டு மூலக்கூறுகள் எனப்படும். எந்த உயிரணு எதைப் பற்ற வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற ஒழுங்கு இப்புரதங்களால் அமைகிறது. அந்த ஒழுங்கு குலைந்தால் நாளம் சரியாக அமையாது. அமைந்த நாளமும் கசிந்தோ அடைபட்டோ போகலாம். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைப் பற்றி மருத்துவர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்த ஒரு கேள்வியும், உயிரணுக்கள் எப்படி ஒட்டுகின்றன என்று உயிரியலாளர்கள் கேட்டுவந்த மற்றொரு கேள்வியும் ஒன்று சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

பித்தநாளம் என்பது என்ன?

கல்லீரல் உயிரணுக்கள் ஓயாமல் பித்தநீரைச் சுரக்கின்றன. கொழுப்பு செரிப்பதற்கு இது உதவுகிறது. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளும் இதன் வழியாகவே உடலைவிட்டு வெளியேறுகிறது. மலத்தின் மஞ்சள், பழுப்பு நிறங்களுக்கும் இதுவே காரணம்.

கல்லீரல் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் பித்தநீர் முதலில் சேர்கிறது. அங்கிருந்து சிறு நாளங்களுக்கும், பின் பெரிய நாளங்களுக்கும் சென்று, கல்லீரலுக்கு வெளியே ஒரே குழாயாகி முன்சிறுகுடலில் விழுகிறது. வயலில் பாயும் வாய்க்காலை மனத்தில் கொண்டால் இது தலைகீழ் அமைப்பு. வாய்க்கால் பெரிதிலிருந்து சிறிதாகப் பிரிந்து போகும். பித்தநீரோ சிறிய வழிகளில் தொடங்கிப் பெரிய வழியில் முடியும். எனவே கடைசிக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் கல்லீரல் முழுவதுமே தேங்கிய பித்தநீரால் கெடும்.

இக்குழாய்களின் உட்சுவர் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆனது. ஒரு பக்கம் பித்தநீர், மறுபக்கம் இரத்தக்குழாய்களும் இணைப்புத்திசுவும். பித்த உப்புகள் உயிரணுச் சவ்வைக் கரைக்கும் தன்மை உடையவை. ஆகவே அந்த ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் இடைவெளியின்றி ஒட்டியிருப்பது உயிர் காக்கும் ஏற்பாடாகும்.

முதல் கேள்வி: நாளம் உருவாகவில்லையா, உருவாகி அழிந்ததா?

பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதல் வாரத்தில் சிறிது மஞ்சள் காமாலை காண்கிறது. அது தானாகவே மறைகிறது. சில குழந்தைகளுக்கு மட்டும் அது மறைவதில்லை. மலம் வெளிறிப் போகிறது, சிறுநீர் அடர்மஞ்சளாகிறது, வயிறு பெருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லாத காலத்தில் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைக் காணவில்லை.

எடின்பரோ நகர மருத்துவர் ஜான் தாம்சன் 1891–92இல் இத்தகைய குழந்தைகளைப் பற்றிய ஏறத்தாழ 50 பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் நார்த்திசுவாகச் சுருங்கி, உள்வழி இல்லாமல் போயிருப்பதை அவர் விவரித்தார். இன்று பிலியரி அட்ரீசியா எனப்படும் நோயின் முதல் விரிவான விளக்கம் இதுவே.

இது ஏன் நேர்கிறது? பின்லாந்தின் குழந்தை மருத்துவர் ஆர்வோ யூல்ப்போ 1913இல் ஒரு விடை சொன்னார். கருவில் பித்தநாளம் முதலில் உள்வழி இல்லாத திடமான உயிரணுக் கம்பியாக இருக்கிறது, பிறகே துளை விழுகிறது, அத்துளை விழாமல் நின்றுபோவதே இந்நோய் என்பது அவர் கருத்து. எளிமையான இந்த விளக்கம் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது. இதன் உட்பொருள், நாளம் உருவாகவே இல்லை என்பதாகும்.

1974இல் அமெரிக்க நோய்க்கூற்றியலாளர் பெஞ்சமின் லாண்டிங் வேறு வகையில் சிந்தித்தார். நாளம் முதலில் சரியாகவே உருவாகிறது, பின்னர் அழற்சியால் அழிகிறது என்றார். பச்சிளம் குழந்தைகளின் கல்லீரல் அழற்சியையும் பித்தநாள நோய்களையும் அவர் ஒரே நோயின் வெவ்வேறு முகங்களாகப் பார்த்தார். இவ்வாறு உருவாகவில்லை என்ற தரப்பும், அழிந்தது என்ற தரப்பும் எதிரெதிரே நின்றன. இதைத் தீர்க்க, நாளம் கருவில் எப்படி உருவாகிறது என்பதை நேரடியாகக் கண்டறிய வேண்டியிருந்தது.

நாளத்தட்டு

கருவின் நான்காவது வாரத்தில் முன்குடலின் சுவரிலிருந்து ஒரு மொட்டு புடைக்கிறது. இதுவே கல்லீரலின் தொடக்கம். இம்மொட்டின் மேற்பகுதி கல்லீரலாகிறது. கீழ்ப்பகுதியிலிருந்து பித்தப்பையும் கல்லீரலுக்கு வெளியே உள்ள நாளமும் உருவாகின்றன. ஆனால் கல்லீரலுக்கு உள்ளே பரவியிருக்கும் நாளங்கள் எங்கிருந்து வருகின்றன? வெளி நாளம் கிளைவிட்டு உள்ளே வளர்கிறது என்று சிலர் கருதினர். கல்லீரல் உயிரணுக்களே நாளமாக மாறுகின்றன என்று வேறு சிலர் கருதினர்.

ஸ்வீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் ஆகஸ்ட் ஹம்மார் மனிதக் கருக்களின் கல்லீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1926இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கல்லீரலுக்குள் நுழையும் போர்ட்டல் சிரையின் கிளைகளைச் சுற்றி ஒரு தனி உயிரணு அடுக்கு உறைபோல் அமைவதை அவர் விவரித்தார். இவ்வுறையிலிருந்தே உள் நாளங்கள் பிறக்கின்றன. பின்னாளில் இது நாளத்தட்டு என்று பெயர் பெற்றது.

நாளத்தட்டின் கதையை இன்று பின்வருமாறு சொல்லலாம். ஏறத்தாழ 8ஆம் வாரத்தில், போர்ட்டல் சிரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கல்லீரல் முன்னோடி உயிரணுக்கள் ஒற்றை அடுக்காக வரிசைப்படுகின்றன. விரைவில் இரண்டாம் அடுக்கு சேர்கிறது. இரு அடுக்குகளுக்கும் இடையே சில இடங்களில் வெளி திறக்கிறது. அந்த இடங்கள் குழாய்களாகின்றன. குழாயாகாத பகுதிகள் தட்டிலிருந்து மறைகின்றன. உருவான குழாய்கள் சிரையைச் சூழ்ந்த இணைப்புத்திசுவுக்குள் நகர்ந்து நிலைகொள்கின்றன. இம்மாற்றம் கல்லீரல் வாயிலில் தொடங்கி ஓரங்களை நோக்கிப் படிப்படியாகச் செல்கிறது. குழந்தை பிறக்கும் நாளில்கூட மிக ஓரத்துச் சிறு கிளைகளில் இவ்வேலை முற்றுப்பெற்றிருப்பதில்லை.

டென்மார்க்கின் யோர்கென்சென் 1977இல் நாளத்தட்டு உருக்குறை என்ற கருத்தை முன்வைத்தார். தட்டு குழாயாக மாறாமல் கருநிலையிலேயே தங்கிவிடுவதை இது குறிக்கும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலேர் டெஸ்மெட் 1992இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பிறவிக் கல்லீரல் நார்த்திசு நோய், கரோலி நோய் முதலிய பல பிறவி நோய்களை இந்த ஒரே குறையின் வேறுபாடுகளாக விளக்கினார். குறை பெரிய கிளைகளில் நேர்ந்தால் ஒரு நோய், சிறு கிளைகளில் நேர்ந்தால் மற்றொரு நோய்.

இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் டான், மொஸ்கோசோ ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வுகள் யூல்ப்போவின் திடநிலைக் கருத்துக்கு முடிவு கட்டின. வெளி நாளம் கருவளர்ச்சி முழுவதிலும் உள்வழியுடனேயே இருக்கிறது என்று அவர்கள் காட்டினர். பிலியரி அட்ரீசியா குழந்தைகளின் கல்லீரல் வாயிலில் காணும் நாளங்கள் முதல் மூன்று மாதக் கருவின் நாளத்தட்டை ஒத்திருப்பதையும் சுட்டினர். கோளாறு துளை விழுவதில் அன்று, தட்டைக் குழாயாகத் திருத்தி அமைக்கும் வேலையில் இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அப்படியானால் அடுத்த கேள்வி தவிர்க்க இயலாதது. ஒரு தட்டு குழாயாக மாறும்போது அதன் உயிரணுக்களை வழிநடத்துவது எது? இதற்கு விடை தரும் கருவிகள் கல்லீரலோடு தொடர்பில்லாத வேறொரு துறையில் உருவாகிக்கொண்டிருந்தன.

ஒட்டும் உயிரணுக்கள்: கடற்பஞ்சு முதல் கேட்ஹெரின் வரை

1907இல் அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை நுண்துணி வழியே பிழிந்து தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்தார். அவை நீரில் ஊர்ந்து ஒன்றுகூடி மீண்டும் கடற்பஞ்சாக அமைந்தன. உயிரணுக்களுக்குத் தம் இனத்தை அறியும் திறன் உண்டு என்பதற்கு இது முதல் சான்று.

ஜெர்மனியைச் சேர்ந்த யோஹானஸ் ஹோல்ட்ஃபிரெட்டர் தவளை இனக் கருக்களில் இதே திறனைக் கண்டு, 1939இல் திசு நாட்டம் என்ற கருத்தை விளக்கினார். 1955இல் டவுன்ஸ் என்பவருடன் இணைந்து, பிரித்துக் கலந்த கரு உயிரணுக்கள் தாமாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து அமைவதைக் காட்டினார். 1950களில் ஆரோன் மொஸ்கோனா கோழிக் கருவின் திசுக்களை நொதியால் பிரித்து மீண்டும் கூட வைத்தார். ஒவ்வொரு திசுவின் உயிரணுவும் தன் வகையைத் தேடிச் சேர்ந்தது.

இந்தத் தேடலுக்கு எந்தப் பொருள் காரணம்? ஆன்டிபாடிகளின் அமைப்பைக் கண்டதற்காக 1972இல் நோபல் பரிசு பெற்ற ஜெரால்ட் எடெல்மன், 1970களின் பிற்பகுதியில் தம் குழுவினருடன் நரம்பு உயிரணு ஒட்டு மூலக்கூறை, அதாவது என்-கேமை, இனங்கண்டார். அதே காலத்தில் ஜப்பானில் மசதோஷி தகேய்ச்சி ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனித்தார். உயிரணுக்களை ஒட்டும் முறைகளில் ஒன்று கால்சியம் இருந்தால் மட்டுமே வேலை செய்தது. மற்றொன்றுக்குக் கால்சியம் தேவைப்படவில்லை. கால்சியம் சார்ந்த ஒட்டுப்புரதங்களுக்கு 1984இல் கேட்ஹெரின் என்று பெயர் சூட்டினார். தோல், குடல், நாளச்சுவர் போன்ற மூடுதிசுக்களில் உள்ளது ஈ-கேட்ஹெரின். உயிரணுவின் உட்புறத்தில் இது கேட்டெனின் என்னும் புரதங்களோடு இணைந்து எலும்புக்கூடு போன்ற உட்சட்டத்தைப் பற்றிக்கொள்கிறது.

உயிரணு மற்றொரு உயிரணுவை மட்டும் பற்றுவதில்லை. தான் நிற்கும் தளத்தையும் பற்றியாக வேண்டும். இவ்வேலையைச் செய்யும் புரதங்களுக்கு 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் குழுவினர் இன்டெக்ரின் என்று பெயரிட்டனர். தளத்திலுள்ள லாமினின் போன்ற புரதங்களை இவை வெளிப்புறத்தில் பிடித்து, உயிரணுவின் உட்சட்டத்தோடு கோக்கின்றன.

இன்னொரு மூலக்கூறு புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. 1979இல் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் பெருங்குடல் புற்றுநோயை அடையாளம் காணும் ஆன்டிபாடி ஒன்று உருவாக்கப்பட்டது. அது எந்தப் புரதத்தைப் பற்றியதோ, அந்தப் புரதமும் உயிரணுக்களை ஒட்டுவிப்பது என்று 1994இல் லிட்வினோவ் குழுவினர் காட்டினர். எப்-கேம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

இரு வரலாறுகளும் சந்தித்த இடம்

குறிப்பிட்ட புரதத்தை மட்டும் நிறமேற்றிக் காட்டும் ஆன்டிபாடிகள் கிடைத்தபின், ஹம்மார் பார்த்த அதே நாளத்தட்டைப் புதுக் கண்ணோடு பார்க்க முடிந்தது. 1990களில் ஜப்பானின் தெராடா, நாகனுமா ஆகியோர் மனிதக் கருவின் கல்லீரலில் ஒட்டு மூலக்கூறுகளும் தளப்புரதங்களும் எந்தக் கட்டத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடினர். 1998இல் வெளியான தெராடா குழுவினரின் ஆய்வு ஈ-கேட்ஹெரினையும் கேட்டெனின்களையும் பற்றியது. நாளம் உருப்பெறுவதில் இவற்றுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்று அது கருதியது. அதே ஆண்டில் பிரான்சின் கூவெலார் குழுவினர் மனிதக் கல்லீரல் உருவாகும் காலத்தில் இன்டெக்ரின்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதை வெளியிட்டனர். ஒரே முன்னோடியிலிருந்து பிறந்தாலும், கல்லீரல் உயிரணுவும் நாள உயிரணுவும் தளத்தைப் பற்றும் கைகளில் வேறுபட்டுப் போகின்றன. லாமினின் செறிந்த அடித்தளச் சவ்வின்மேல் நிற்பது நாள உயிரணுவின் இயல்பு. அதற்கேற்ற இன்டெக்ரின்களை அது வைத்துக்கொள்கிறது.

என்-கேமின் நடத்தை இன்னும் வியப்பானது. லூவனில் லிப்ரெக்ட், டெஸ்மெட், ரோஸ்காம்ஸ் முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, நரம்புக்கு உரியதாகக் கருதப்பட்ட இம்மூலக்கூறு வளரும் கல்லீரலின் நாளத்தட்டிலும் தோன்றுவதை விவரித்தது. முதிர்ந்த நாளத்தில் அது இல்லை. ஆனால் நோயுற்ற கல்லீரலில் புதிதாகக் கிளைக்கும் சிறு நாளங்களில் அது மறுபடியும் தலைகாட்டுகிறது. கட்டட வேலை நடக்கும்போது மட்டும் சாரம் கட்டுவதைப் போன்றது இது. சாரம் தெரிந்தால் அங்கே வேலை முடியவில்லை என்று பொருள்.

2007இல் லோலா ரீட் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் குழு, மனிதக் கல்லீரலின் மூல உயிரணுக்களை எப்-கேமின் துணையால் பிரித்தெடுத்தது. அவற்றில் எப்-கேமும் என்-கேமும் இருந்தன. ஒரு படி முதிர்ந்த முன்னோடி உயிரணுக்களில் என்-கேமுக்குப் பதிலாக ஐ-கேம்-1 என்னும் வேறோர் ஒட்டு மூலக்கூறு இருந்தது. கருவின் கல்லீரலில் அந்த மூல உயிரணுக்கள் இருக்கும் இடமாக நாளத்தட்டையே அவர்கள் சுட்டினர். ஒட்டு மூலக்கூறு என்பது வெறும் பசை அன்று, உயிரணுவின் வயதையும் நிலையையும் சொல்லும் அடையாளமும் ஆகும் என்பது இதனால் தெளிவாயிற்று.

2009இல் பிரசெல்ஸ் நகரில் ஃபிரெடெரிக் லெமேக்ர் குழுவினர் எலிக் கருவில் ஒரு முக்கியமான கட்டத்தைக் கண்டனர். முதலில் உருவாகும் குழாயின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிரையை ஒட்டிய பக்கத்தில் சாக்ஸ்9 என்னும் புரதமுள்ள நாள உயிரணுக்கள் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் இன்னும் முன்னோடி உயிரணுக்களே இருக்கின்றன. பிறகுதான் இரு பக்கங்களும் சமமாகின்றன. 2012இல் ஜப்பானின் தனிமிசு குழுவினர், லாமினினின் இரு வகைகள் பீட்டா-1 இன்டெக்ரின் வழியே நாளம் உருவாவதை முறைப்படுத்துகின்றன என்று காட்டினர். தொடக்கத்தில் ஒரு வகையும் முதிரும் கட்டத்தில் மற்றொரு வகையும் தேவைப்படுகின்றன.

பிணைப்பு தவறும்போது

ஒட்டு மூலக்கூறுகளின் இன்றியமையாமையை மரபணுக் கோளாறுகள் கூடுதலாக உணர்த்தின.

அலஜில் நோய்க்குறியில் குழந்தையின் கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் மிகக் குறைவாக இருக்கும். இதயத்திலும் முதுகெலும்பிலும் குறைகள் உண்டாகலாம். இதற்குக் காரணமான ஜாக்டு-1 மரபணு 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜாக்டு-1 ஒட்டு மூலக்கூறு வகையைச் சேர்ந்தது அன்று. ஆயினும் இது ஓர் உயிரணுவின் மேற்பரப்பில் நின்று, பக்கத்து உயிரணுவின் நாட்ச் என்னும் வாங்கியைத் தொட்டால் மட்டுமே செய்தி கடத்தும். போர்ட்டல் சிரையைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் முன்னோடி உயிரணுவைத் தொட்டு நாளமாகு என்று சொல்லும் மொழி இது. தொடுதல் இல்லையேல் நாளம் இல்லை.

2004இல், தோல் செதிலுரிதலோடு பிறக்கும் குழந்தைகளின் பித்தநாள அழற்சிக்குக் கிளாடின்-1 மரபணுவின் பழுது காரணம் என்று அறியப்பட்டது. கிளாடின், அருகருகே உள்ள உயிரணுக்களுக்கு நடுவே நீர் கசியாதபடி தைக்கும் இறுக்கப் பிணைப்பின் புரதம். இறுக்கப் பிணைப்பின் மற்றொரு புரதமான டிஜேபி-2 பழுதானால் சிறு குழந்தைகளுக்குக் கடுமையான பித்தத் தேக்கம் வருகிறது என்பது 2014இல் வெளியானது. இவ்விரு நோய்களிலும் தையல் பிரிகிறது. பித்தநீர் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது.

வறண்ட அணையும் ஆட்டுக்குட்டிகளும்

பிலியரி அட்ரீசியாவுக்கு இப்படி ஒற்றை மரபணுக் காரணம் கிடைக்கவில்லை. எதிர்பாராத ஒரு துப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பரின்ஜக் அணைப் பகுதியில் 1964இலும் 1988இலும் பிறந்த ஆட்டுக்குட்டிகள் மஞ்சள் காமாலையும் வெளிறிய மலமுமாக மடிந்தன. அவற்றின் பித்தநாளங்கள் அடைபட்டிருந்தன. தாய் ஆடுகளுக்கு எந்தத் துன்பமும் இல்லை. வறட்சியால் நீர் வற்றித் தெரிந்த கரைப்பகுதியில் சினையாடுகள் மேய்ந்திருந்தன. அங்கே முளைத்திருந்த டிஸ்பேனியா என்னும் களைச்செடியின்மேல் ஐயம் விழுந்தது.

2007இல் மீண்டும் இவ்வாறு நேர்ந்தபோது அச்செடி சேகரிக்கப்பட்டது. அதன் கூறுகளைப் பிரித்து வரிமீன் குஞ்சுகளின்மேல் சோதித்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் 2015இல் அந்த நஞ்சை இனங்கண்டு பிலியாட்ரசோன் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டு ரெபெக்கா வெல்ஸ் குழுவினர் அதன் வேலையை எலியின் நாள உயிரணுக்களில் ஆராய்ந்தனர். நஞ்சு பட்டதும் உயிரணுக்களின் குளுட்டதயோன் குறைந்தது, மேல்-கீழ் ஒழுங்கு குலைந்தது, இறுக்கமாக நின்ற அடுக்கு கசியத் தொடங்கியது, உள்வழி தூர்ந்தது.

மனிதர் இச்செடியை உண்பதில்லை. மனிதக் குழந்தைகளின் நோய்க்கு இந்நஞ்சு காரணம் என்றும் யாரும் காட்டவில்லை. ஆனால் பழைய வழக்கில் இச்சான்று ஒரு புதிய வாதத்தைக் கொண்டுவந்தது. நாளம் உருவாகியும் இருக்கலாம், கருவிலேயே சிதைந்தும் இருக்கலாம். உருவாகவில்லை, அழிந்தது என்ற இரு தரப்புகளும் தாயின் வயிற்றுக்குள்ளேயே கைகோக்க முடியும்.

மனிதக் குழந்தைகளிலும் இதற்கு ஆதரவு உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹார்ப்பவத் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பின்னர் பிலியரி அட்ரீசியா என்று கண்டறியப்பட்ட குழந்தைகளின் பிறந்த முதல் நாட்களின் இரத்தச் சோதனைகளைத் திரும்பிப் பார்த்தனர். சோதனை செய்யப்பட்டிருந்த குழந்தைகளுக்கு நேரடிப் பிலிருபின் அளவு அப்போதே உயர்ந்திருந்தது. நோய் வெளியே தெரிவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். தொடக்கமோ பிறப்பதற்கு முன்னரே.

கசாய் முதல் காஞ்சிபுரம் வரை

காரணம் புரியும்வரை சிகிச்சை காத்திருக்கவில்லை. ஜப்பானின் சென்டாய் நகரில் தொஹோக்கு பல்கலைக்கழக அறுவை மருத்துவர் மொரியோ கசாய், 1950களில் ஒரு புதிய முறையைக் கையாண்டார். அழிந்த நாளத்தை முழுவதும் நீக்கி, கல்லீரல் வாயிலில் குடலை நேரடியாகப் பொருத்தினார். அங்கே எஞ்சியிருக்கும் நுண்ணிய நாளங்கள் வழியே பித்தநீர் குடலுக்குள் வடியத் தொடங்கியது. 1959இல் ஜப்பானிய மொழியில் வெளியான இம்முறை, 1968இல் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பின்னரே உலகில் பரவியது.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாட்கள் கடந்தால் அந்த நுண்நாளங்களும் அழிந்துவிடும்; கல்லீரல் நார்பிடித்துவிடும். பிறந்து 60 நாட்களுக்குள் செய்யும் அறுவையே நல்ல பலன் தருகிறது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அனுபவம்.

கசாய் அறுவை பலிக்காதபோது கல்லீரல் மாற்று ஒன்றே வழி. 1963இல் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் செய்த உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்று முயற்சியும் பிலியரி அட்ரீசியா உற்ற 3 வயதுக் குழந்தைக்கே நடந்தது, அக்குழந்தை பிழைக்கவில்லை. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸ்ஸல் ஸ்ட்ராங், ஜப்பானியத் தாய் ஒருவரின் கல்லீரல் பகுதியை அவருடைய மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். உயிரோடிருக்கும் உறவினர் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்து குழந்தையைக் காக்கலாம் என்பது உறுதியானது.

இந்தியாவில் 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 1998 நவம்பரில் தில்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில், நாட்டின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. அக்குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. வயது 20 மாதம். நோய் பிலியரி அட்ரீசியா. தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தார். அக்குழந்தை வளர்ந்து, மருத்துவம் படித்து, தாமே மருத்துவரானார். தமிழகத்துக் குடும்பம் ஒன்று அன்று தில்லிவரை செல்ல வேண்டியிருந்தது. இன்று சென்னையிலேயே குழந்தைகளுக்கான கல்லீரல் மாற்று நடைபெறுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று அறுவை இடம்பெற்றுள்ளது.

கீழாநெல்லியும் நாள் கணக்கும்

தமிழகத்தில் மஞ்சள் காமாலை என்றதும் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. இந்நம்பிக்கை ஆய்வுக்கும் உட்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ்-பி வைரசைக் கண்டறிந்த நோபல் அறிஞர் பாருக் புளும்பெர்க் முதலியோருடன் இணைந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. பிற நாடுகளில் நடந்த பின்னைய ஆய்வுகள் சில அம்முடிவை உறுதி செய்யவில்லை. ஆனால் அந்த விவாதம் முழுவதும் வைரசால் வரும் காமாலையைப் பற்றியது. இங்கே பேசப்படும் காமாலை வைரசுக் காமாலை அன்று; குழாய் இல்லாததால் வருவது. குழாய் அடைபட்டால் எந்தச் சாறும் அதைத் திறக்காது. பச்சிளம் குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறு எதைப் புகட்டுவதும் தீங்காகலாம்.

காலையிளவெயிலில் குழந்தையைக் காட்டும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. பிறந்த சில நாட்களில் வரும் இயல்பான காமாலை எப்படியும் குறைந்துவிடும் என்பதால், வெயிலே குறைத்தது என்ற நம்பிக்கை நிலைத்துவிட்டது. அதே நம்பிக்கையில் மூன்று, நான்கு வாரங்கள் கழிந்துவிட்டால், கசாய் அறுவைக்கு உரிய காலத்தில் பாதி போய்விடுகிறது.

அறிகுறியைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை. தைவானில் 2004 முதல் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கு மல நிற அட்டை நாடு முழுவதும் தரப்படுகிறது. வெளிறிய நிறங்களும் இயல்பான நிறங்களும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். பெற்றோர் ஒப்பிட்டுப் பார்த்து ஐயமிருந்தால் தெரிவிப்பர். இந்த எளிய அட்டை, குழந்தைகளை முன்னதாகக் கண்டுபிடிக்க அங்கே உதவியுள்ளது.

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்திலோ சங்கரன்கோவிலைச் சுற்றிய சிற்றூர்களிலோ பிறக்கும் குழந்தைக்கும் இதே அறிவு போதும். இரண்டு வாரம் கடந்தும் கண்ணில் மஞ்சள் இருந்தால், மலம் சுண்ணாம்புபோல் அல்லது களிமண்போல் வெளிறியிருந்தால், துணியில் சிறுநீர் மஞ்சள் கறை படிந்தால், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அன்றைக்கே சொல்ல வேண்டும். மொத்தப் பிலிருபினோடு நேரடிப் பிலிருபினையும் சோதிக்க வேண்டும். நேரடி அளவு உயர்ந்திருந்தால், காத்திருக்காமல் குழந்தை அறுவை மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை கொழுகொழுவென்று இருப்பதும் நன்றாகப் பால் குடிப்பதும் நோய் இல்லை என்பதற்குச் சான்றல்ல. இந்நோயின் தொடக்கத்தில் குழந்தைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள்.

முடிவுரை

தாம்சன் 1892இல் கண்டது ஒரு நார்க்கயிறு. ஹம்மார் கண்டது ஒரு தட்டு. தகேய்ச்சியும் எடெல்மனும் கண்டவை உயிரணுக்களின் கைகள். இம்மூன்றும் ஒரே கதையின் பகுதிகள் என்பது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தெளிவாகியுள்ளது. பித்தநாளம் எங்கிருந்தோ நீண்டு வளரும் குழாய் அன்று. சிரையைச் சூழ்ந்த உயிரணுக்கள் தம்முள் சிலவற்றைப் பற்றி, சிலவற்றை விட்டு, நடுவே வழிவிட்டு நிற்பதால் உருவாகும் அமைப்பு அது.

பிலியரி அட்ரீசியாவைத் தடுக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் இவ்வரலாறு ஒன்றை உறுதியாகச் சொல்கிறது. குழந்தை பிறக்கும்போதே நோயின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே அதை இரண்டாம் மாதத்தில் அன்று, இரண்டாம் வாரத்திலேயே தேட வேண்டும்.